நாற்காலியை விட்டு எழுந்திருங்கள்

மென்பொருள் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு, இந்தத் தொழிலிலேயே தலை நரைத்த ஒருவன் எழுதுவது. கோடிங் சொல்லிக்கொடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆனால் பிழை பிடிபடாமல், உடம்பும் ஓய்ந்து, திரையை வெறித்தபடி உட்கார்ந்திருக்கும் நேரத்தில் “போதும், எழுந்து போ” என்று சொல்ல ஆள் இல்லை. கல்லூரியிலும் சொல்வதில்லை, கம்பெனிப் பயிற்சியிலும் சொல்வதில்லை. அதைச் சொல்லத்தான் இது.

1. சிக்கிக்கொண்டோம் என்பதைக் கண்டுபிடியுங்கள்.

புதியவர்களுக்கு இதுவே தெரிவதில்லை. “இன்னும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் சார்” என்று சொல்லிச் சொல்லியே நள்ளிரவைத் தாண்டிவிடுகிறார்கள். இளையவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்ததில் எனக்குச் சில அடையாளங்கள் பிடிபட்டிருக்கின்றன. ஒரே லாக் வரியை மேலும் கீழும் உருட்டிக்கொண்டே இருப்பார்கள். காரணமில்லாமல் சர்வரை ரீஸ்டார்ட் செய்வார்கள். கேஷை அழித்துப் பார்ப்பார்கள். காலையில் படித்த அதே ஸ்டாக் ஓவர்ஃப்ளோ பக்கத்தைப் புதிதாகக் கண்டெடுத்தது போல மறுபடி படிப்பார்கள். பிறகு ஒரே சமயத்தில் மூன்று இடங்களில் கைவைத்துவிட்டு ஓடவிட்டுப் பார்ப்பார்கள். இந்தக் கடைசிக் காரியம்தான் மோசம். பிழை போய்விட்டாலும் எதனால் போனது என்று தெரியாது. போகாவிட்டால் ஒரு பிழை இருந்த இடத்தில் இப்போது நாலு பிழை.

ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாற்றத்தைச் செய்யும் முன், “இதை மாற்றினால் எனக்கு இன்னது தெரியவரும்” என்று வாய்விட்டு ஒரு வாக்கியம் சொல்ல வருகிறதா? வரவில்லையென்றால் நீங்கள் பிழையைத் தேடவில்லை, லாட்டரிச் சீட்டைச் சுரண்டிக்கொண்டிருக்கிறீர்கள். எழுந்துவிடுங்கள்.

2. இரவு 11 மணிக்கு மேல் உங்கள் மூளையை நம்பாதீர்கள்.

ஆஸ்திரேலியாவில் ட்ரூ டாசன், கேத்ரின் ரீட் என்ற இருவர் ஓர் ஆய்வு செய்து, 1997இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும் எவ்வளவு தடுமாறுகின்றன என்று அளந்தார்கள். ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் தடுமாற்றத்துக்கு அது சமமாக இருந்தது. 24 மணி நேரம் விழித்திருந்தால் 0.10 சதவீதத்துக்குச் சமம். நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் வண்டி ஓட்டுபவருக்கு விட்டுவைத்திருக்கும் அளவு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம்.

கணக்குப் போடுங்கள். காலை 6 மணிக்கு எழுந்தவருக்கு இரவு 11 மணியோடு 17 மணி நேரம் முடிகிறது. குடித்துவிட்டு அந்த அளவு தடுமாறினால் போலீஸ் வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தூக்கம் கெட்டுத் தடுமாறுகிறவர் கையில் நாம் புரொடக்‌ஷன் சர்வரின் பாஸ்வேர்டைக் கொடுத்து “சீக்கிரம் முடிங்க” என்கிறோம்.

3. கிட்லேப் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

எழுந்து போக நினைத்து, போக முடியாமல் உட்கார்ந்துவிட்ட ஒருவரின் இரவு இது. ஊரறிந்த கதைதான், ஆனால் புதிதாக வருபவர்களுக்குத் தெரிவதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2017 ஜனவரி 31. நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் தளத்தில் ஸ்பாம் கணக்குகளால் டேட்டாபேஸ் திணறியது. முதன்மை டேட்டாபேஸைப் பார்த்துப் பார்த்து நகல் எடுத்துக்கொண்டிருந்த இரண்டாம் சர்வர் பின்தங்கி, கடைசியில் நின்றே போனது. அதைப் புதிதாக நகல் எடுக்கவைக்க ஒரு பொறியாளர் முயன்றுகொண்டிருந்தார். நேரமாகிவிட்டது, கிளம்பப் போகிறேன் என்று அவர் அன்றிரவு முன்பே சொல்லியிருந்தார். இந்தச் சிக்கல் திடீரென்று முளைத்ததால் கிளம்பவில்லை. நகல் எடுக்கும் கட்டளை ஏன் ஓட மறுக்கிறது என்றும் புரியவில்லை. இரண்டாம் சர்வரில் இருக்கும் பழைய டைரக்டரிதான் தடுக்கிறதோ என்று நினைத்து அதை அழித்தார். ஓரிரு நொடிகளில் உறைத்தது: அழித்தது இரண்டாம் சர்வரில் இல்லை, முதன்மை சர்வரில். உடனே நிறுத்தினார். ஏறத்தாழ 300 ஜிபி இருந்த இடத்தில் 4.5 ஜிபி மிஞ்சியது.

பேக்கப் எங்கே என்று தேடினார்கள். தினமும் ஓடவேண்டிய பேக்கப் வேறு பதிப்புக் கருவியோடு மோதிச் சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதாகச் சொல்லும் மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை. கடைசியில் காப்பாற்றியது, வேறு ஒரு வேலைக்காக ஏறத்தாழ 6 மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்து வைத்திருந்த ஒரு பிரதி. அந்த 6 மணி நேரத்துத் தரவு போனது போனதுதான். மறுநாள் மாலை வரை தளம் முடங்கிக் கிடந்தது. மீட்கும் வேலையை அவர்கள் யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். நடந்ததையெல்லாம் எழுதியும் வெளியிட்டார்கள். அந்த அறிக்கை இன்றும் படிக்கக் கிடைக்கிறது, ஒருமுறை படித்துவிடுங்கள்.

களைப்பு ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஓட்டையான பேக்கப்புக்கு அந்த மனிதர் என்ன செய்வார்? ஆனால் காலை 10 மணிக்கு, காபி குடித்த தெளிவில், எந்த சர்வரில் நிற்கிறோம் என்று ஒருமுறை பார்த்திருப்பார். இரவில் பார்க்கத் தோன்றாது. சோர்வு வந்தால் முதலில் போவது வேகம் என்று பலர் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை முதலில் போவது, ஒரு தடவை சரிபார்க்கும் பழக்கம்.

4. உட்கார்ந்திருப்பது வேலை என்று உங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லித்தந்திருக்கிறார்கள். அதை மறக்கவேண்டும்.

பிளஸ் டூ படித்த நாளை நினைத்துப் பாருங்கள். விடியற்காலை 4 மணிக்கு எழுப்பிவிட்ட அம்மா, இரவு ஸ்டடி ஹவர்ஸில் பிரம்போடு நடந்த விடுதிக் காப்பாளர். உட்கார்ந்தால் மார்க் வந்தது, உண்மை. ஏனென்றால் விடை புத்தகத்தில் இருந்தது. நூறு தடவை படித்தால் மண்டையில் ஏறியது. பிழைக்கு விடைப்புத்தகம் கிடையாது. நூறு தடவை அதே பக்கத்தைப் படித்தால் அதே தவறான எண்ணம்தான் நூறு மடங்கு ஆழமாக ஏறும்.

அலுவலகத்திலும் இதே கதைதான். அமெரிக்கக் கிழக்குக் கரையில் கோடைக்காலத்துப் பகல் 12 மணி என்றால் நமக்கு இரவு 9:30. வாடிக்கையாளரோடு கால் பேசிவிட்டுத்தான் பலருக்கு வேலையே ஆரம்பிக்கிறது. லீட் எழுந்திருக்காமல் எழுந்திருக்கப் பயம். ஸ்வைப் கார்டில் மணிக்கணக்கு ஏறவில்லையே என்று கவலை. வீட்டிலும் “எங்க பையன் ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் வேலை பார்க்கிறான்” என்று பெருமையாகத்தான் சொல்வார்கள். இவ்வளவு பேர் சேர்ந்து உங்களை நாற்காலியில் அழுத்தும்போது, எழுந்திருக்க அனுமதி வெளியிலிருந்து வரும் என்று காத்திருந்தால் வராது. நீங்களே கொடுத்துக்கொள்ள வேண்டும். முதல் சில தடவை திருட்டுத்தனம் செய்வது போலக் கூசும். கூசட்டும், பழகிவிடும்.

5. ஆனால் உழைக்காமல் எழுந்திருக்காதீர்கள்.

இதைச் சொல்லாவிட்டால் என் பேரைச் சொல்லிப் பதினோரு மணிக்கே டீக்கடைக்குக் கிளம்பிவிடுவீர்கள், காலை பதினோரு மணிக்கு.

ஆன்றி புவான்காரே என்ற பிரெஞ்சுக் கணித மேதை, தனக்கு விடைகள் எப்படி வந்தன என்று 1908இல் பாரிஸில் ஓர் உரையில் சொன்னார். இளம் வயதில் கான் நகரத்தில் இருந்தபோது ஒருவகைச் சார்புகளைப் பற்றி நாள்கணக்காக மேசையில் உட்கார்ந்து முட்டிக்கொண்டிருந்தார். இடையில் ஒரு புவியியல் சுற்றுப்பயணத்துக்குக் கிளம்பினார். பயண அலைச்சலில் கணக்கே மறந்துபோனது. கூத்தான்ஸ் என்ற ஊரில் குதிரைபூட்டிய பொதுவண்டியில் ஏறப் படியில் கால்வைத்த கணத்தில் விடை வந்து நின்றது: தன்னுடைய சார்புகளை வரையறுக்கப் பயன்படுத்திய உருமாற்றங்களும் யூக்ளிட் அல்லாத வடிவியலின் உருமாற்றங்களும் ஒன்றே என்று.

இந்தக் கதையை மேடையில் சொல்பவர்கள் வண்டிப்படியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதே உரையில் புவான்காரே இன்னொன்றும் சொன்னார். முன்னால் சில நாட்கள் பலனில்லாமல் உழைத்திருந்தால்தான் இப்படிப்பட்ட மின்னல் வெட்டும், அந்த உழைப்பு வீண்போலத் தெரிந்தாலும் வீணில்லை என்று. ஆகவே லாகைப் படியுங்கள். பிழையை மறுபடி வரவழைத்துப் பாருங்கள். எந்த கமிட்டிலிருந்து கெட்டது என்று தேடுங்கள். இவ்வளவும் செய்தபின், ஒரு மணி நேரமாகப் புதிதாக எதுவுமே தெரியவரவில்லை என்றால், அப்போது எழுந்திருங்கள். இந்த ஒரு மணி நேரம் என் கணக்கு. உங்களுடையதை நீங்கள் வைத்துக்கொள்ளலாம்.

6. தெரிந்த வழியே கண்ணை மறைக்கும்.

ஆபிரகாம் லூச்சின்ஸ் என்ற உளவியலாளர் 1942இல் வெளியிட்ட ஜாடிக் கணக்குகள் பிரசித்தம். 21, 127, 3 என்ற அளவுகளில் மூன்று ஜாடிகள். 100 அளவு தண்ணீர் எடுக்கவேண்டும். பெரிய ஜாடியை நிரப்பி, 21ஐ ஒருமுறையும் 3ஐ இருமுறையும் ஊற்றிவிட்டால் 100. இதே வழியில் தீரும் கணக்குகளாகச் சில கொடுத்துவிட்டு, பிறகு 23, 49, 3 என்ற ஜாடிகளைக் கொடுத்து 20 எடுக்கச் சொன்னார். பெரும்பாலோர் மறுபடி பெரிய ஜாடியை நிரப்பி, 23ஐ ஊற்றி, 3ஐ இருமுறை ஊற்றினார்கள். 23லிருந்து 3ஐ எடுத்தால் 20 வந்துவிடும் என்பது கண்ணில் படவில்லை. முந்தைய கணக்குகளைப் போடாமல் நேரடியாக இதற்கு வந்தவர்களுக்குச் சட்டென்று பட்டது.

பக்கத்து சீட்டுக்காரர் காபிக் கோப்பையோடு வந்து எட்டிப் பார்த்து, “இங்கே கமா விட்டுப்போச்சே” என்று சொல்லிவிட்டுப் போவது இதனால்தான். அவர் உங்களைவிட அறிவாளி என்று எண்ணி மனம் ஒடிய வேண்டாம். அவர் மூன்று மணி நேரம் உங்கள் ஜாடிகளோடு உட்கார்ந்திருக்கவில்லை, அவ்வளவுதான். எழுந்து போய்வந்தால் நீங்களே அந்தப் பக்கத்து சீட்டுக்காரராகத் திரும்பி வரலாம்.

7. எழுந்திருக்கும் முன் மூன்று வரி எழுதுங்கள்.

எழுந்து போகப் பயப்படுகிறவர்களில் பாதிப்பேரின் பயம் சோம்பேறி என்ற பேர் வந்துவிடுமோ என்பதல்ல. “இப்போது விட்டால் தலையில் இருப்பதெல்லாம் கலைந்துவிடும்” என்பதுதான். நியாயமான பயம். அதற்கு மருந்து காகிதம். உறுதியாகத் தெரிந்தது என்ன, முயன்று தோற்றது என்ன, அடுத்து பார்க்கவேண்டியது என்ன. மூன்று வரி போதும். நாளைக் காலை வேறு யாரோ ஒருவர் உட்கார்ந்து தொடர்வார் என்று நினைத்து எழுதுங்கள். காலையில் வரும் நீங்கள் ஏறக்குறைய வேறு ஆள்தான்.

பாதி வேலையை உங்கள் பிராஞ்சிலேயே கமிட் செய்து, “முடியவில்லை, பாதி” என்று தெளிவாகக் குறித்துவிடுங்கள். மெயினில் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். புரொடக்‌ஷனோடு இணைந்திருக்கும் டெர்மினலை மூடுங்கள். சில இடங்களில் புரொடக்‌ஷன் டெர்மினலின் முகப்புவரியைச் சிவப்பில் வைத்திருப்பார்கள். உங்கள் இடத்தில் இல்லையென்றால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். கிட்லேப்காரர்கள் அந்த இரவுக்குப் பிறகு செய்ய முடிவெடுத்தவற்றில் ஒன்று, எந்த சர்வரில் நிற்கிறோம் என்று முகப்புவரியிலேயே பளிச்சென்று தெரியவைப்பது.

8. திரையிலிருந்து எழுந்து இன்னொரு திரைக்குப் போகாதீர்கள்.

இடைவேளை என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டில் நின்று ரீல்ஸ் பார்ப்பதை நான் இடைவேளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கண்ணும் ஓயவில்லை, தலைக்குள் பிழை கிடந்து ஊற இடமும் இல்லை. நடங்கள். ஓஎம்ஆர் சர்வீஸ் ரோட்டில் மனிதன் நடக்க முடியாது, அது வேறு சோகம். அலுவலக வளாகத்துக்குள் சுற்றுங்கள், மொட்டைமாடி திறந்திருந்தால் போங்கள். குளிப்பது, பாத்திரம் தேய்ப்பது, பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, எல்லாம் நல்லது. கைக்கு வேலை, தலைக்கு விடுமுறை. க்ளோஷர் என்ற நிரல்மொழியை உருவாக்கிய ரிச் ஹிக்கி, 2010இல் ஓர் உரை முழுவதையும் இதற்கே ஒதுக்கினார். கம்ப்யூட்டரை விட்டுத் தள்ளிப்போய் வலை ஊஞ்சலில் படுத்து யோசியுங்கள், தூங்கி எழுந்து மறுபடி யோசியுங்கள் என்பது அவர் கட்சி.

ஒன்றை மறைக்கக்கூடாது. “வீட்டுக்குப் போய் ஓய்வெடு” என்பது எல்லோருக்கும் பொருந்துகிற அறிவுரை இல்லை. வீட்டுக்குள் கால்வைத்ததும் குழந்தை, அடுப்பு, மறுநாள் டிபன் பாக்ஸ் என்று அடுத்த ஷிப்ட் தொடங்கும் பெண்கள் நம் அலுவலகங்களில் நிறைய. அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே தனிமை, அலுவலகக் கேன்டீனில் ஒரு மூலையில் இருபது நிமிடம். அதையும் யாரும் குறைசொல்ல விடாதீர்கள், அம்மா.

9. உங்கள் ஏஐ உதவியாளருக்குத் தூக்கம் வராது.

எங்கள் காலத்தில் இல்லாத புதுப் பொறி இது. பிழைச்செய்தியை ஒட்டினால் பதில் தருகிறது. பதில் தவறு என்றால் மன்னிப்புக் கேட்டு இன்னொன்று தருகிறது. இரவு 2 மணிக்கும் அதே உற்சாகம். முன்பெல்லாம் யோசனை தீர்ந்துபோனால் தானாகவே எழுந்திருப்போம். இப்போது யோசனை தீருவதே இல்லை, ஒட்டிப் பார்க்க அடுத்தது எப்போதும் தயார். முதல் குறிப்பில் சொன்ன சோதனையை இங்கும் வையுங்கள். அது தரும் மாற்றம் ஏன் வேலை செய்யவேண்டும் என்று உங்கள் வாயால் விளக்க முடியாவிட்டால், மூடிவிடுங்கள்.

10. ஆன்-கால் நாளில் தனியாக எழுந்து போகமுடியாது. ஒப்படைத்துவிட்டுப் போங்கள்.

சர்வர் விழுந்து கிடக்கும்போது “தலைக்குள் ஊறட்டும்” என்று கிளம்புகிறவரை நானே மன்னிக்கமாட்டேன். அங்கே எழுந்து போவதற்குப் பெயர் ஒப்படைப்பு. பட்டியலில் அடுத்து இருப்பவரை எழுப்புங்கள். நடு இரவில் ஒருவரை எழுப்புவதற்கு நம் பிள்ளைகள் படும் தயக்கம் இருக்கிறதே, அதனால் கெட்ட இரவுகள் ஏராளம். “சார், எனக்கு யோசனை ஓடவில்லை, நீங்கள் பார்க்கிறீர்களா?” என்ற வாக்கியத்தைப் பகலிலேயே சொல்லிப் பழகுங்கள். அதைக் கேட்டு எரிந்துவிழும் லீட் வாய்த்தால், அந்த டீமிலிருந்து மாறப் பாருங்கள்.

11. திரும்பி வந்ததும், எதை உறுதி என்று எழுதினீர்களோ அதை முதலில் சந்தேகியுங்கள்.

மூன்று வரியில் முதல் வரி. பெரும்பாலும் பிழை அங்கேதான் ஒளிந்திருக்கும்: “கான்ஃபிக் சரியாக இருக்கிறது” என்று எழுதியிருப்பீர்கள், திறந்தே பார்த்திருக்க மாட்டீர்கள். நடக்கும்போது உதித்த யோசனையையும் அப்படியே நம்பவேண்டாம். புவான்காரேகூட ஊர் திரும்பியதும் நிதானமாக உட்கார்ந்து தன் விடையைச் சரிபார்த்தார். குளியலறையில் வந்த யோசனைகளில் பாதி, துவட்டுவதற்குள் பொய்த்துவிடும். மீதிப் பாதிக்காகத்தான் இத்தனையும்.

12. நான் சொன்னது நாற்காலியை விட்டு எழுந்திருப்பதைப் பற்றி. வேலையை விட்டுப் போவது வேறு சங்கதி. அதை ஒரு களைத்த இரவில் முடிவெடுக்காதீர்கள். தூங்கி எழுந்து, பல நாட்கள் காலையிலும் அதே எண்ணம் இருந்தால் அப்போது யோசிக்கலாம்.

கடைசியாக ஒரு கோரிக்கை. சில வருஷத்தில் நீங்களும் லீட் ஆவீர்கள். உங்கள் பின்னால் ஒரு வரிசை பிள்ளைகள் நீங்கள் எழுந்திருப்பதற்காக ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அன்றைக்கு, வேலை பாக்கி இருந்தாலும், பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி “நாளைக்குப் பார்க்கலாம், கிளம்புங்கப்பா” என்று சொல்லிவிட்டு முதல் ஆளாக வெளியே போங்கள்.